ஒரு வீடு, ஆறு சொந்தக்காரர்: குடும்பக் காணித் தகராறு எப்படித் தீர்கிறது?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் 12 பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் கிட்டத்தட்ட 25 சதுர மீற்றர்) காணியில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா உழைத்து வாங்கியது. உறுதி, அதாவது காணிப் பத்திரம், அவர் பெயரில் இருக்கிறது. மரணசாசனம் எதுவும் எழுதாமல் அவர் காலமாகிவிட்டார். அம்மாவும் நாலு பிள்ளைகளும் மிச்சம். மூத்த அண்ணன் கலியாணம் முடித்தும் அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார். அக்கா வத்தளையில். அடுத்த அண்ணன் ரொறன்ரோ போய் அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டார். கடைசித் தம்பி, அப்பா போய்ச் சில வருடங்களில் திடீரென்று இறந்துபோனார். அவருக்கு மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். பிறகு அம்மாவும் போய்விட்டார்.

இப்போது அந்த வீடு யாருடையது?

இந்தக் கேள்விக்கு அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு பதில் இருக்கும். "அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நான், வீடு எனக்குத்தான்" என்பார் மூத்தவர். "அக்காவுக்குச் சீதனம் கொடுத்தாச்சு, இனி அவளுக்கு என்ன பங்கு?" என்று ஒருவர் கேட்பார். தம்பியின் மனைவியை எல்லோருமே மறந்திருப்பார்கள். ரொறன்ரோவில் இருப்பவர், "எனக்கு ஒன்றும் வேண்டாம், ஆனால் விற்கக்கூடாது" என்று தொலைபேசியில் சொல்வார். ஒவ்வொருவருடைய பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட, யார் சொந்தக்காரர், எவ்வளவு பங்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

நான் பார்த்த குடும்பத் தகராறுகள் பலவற்றில் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். முதல் கேள்வி, யாருக்கு எவ்வளவு. இரண்டாவது கேள்வி, அதை எப்படிப் பிரித்தெடுப்பது. முதலாவதைச் சட்டம் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும், அதில் பேரம் பேச அதிகம் இடமில்லை. இரண்டாவதில்தான் பேச்சு, விட்டுக்கொடுப்பு, நன்றிக்கடன் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. முதலாவது தீராமல் இரண்டாவதைப் பேச உட்கார்ந்தால் கூட்டம் சண்டையில்தான் முடியும்.

முதலில் கணக்கு

ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து அந்த நொடியிலேயே வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. உறுதியில் பெயர் மாற்றாவிட்டாலும் உரித்து அவர்களிடம் வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு என்பதை எந்தச் சட்டம் தீர்மானிக்கிறது என்பதுதான் இலங்கையில் கொஞ்சம் சிக்கலான இடம்.

கொழும்பில் வாழும் தமிழர்களில் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டு தேசவழமைக்கு உட்பட்டவர்கள் ஒரு வகை. தேசவழமை என்பது ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட வழமைச் சட்டம். இன்று அதன் வாரிசு விதிகள் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்திலும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இருக்கின்றன. இது ஆளோடு போகும் சட்டம். காணி வெள்ளவத்தையில் இருந்தாலும் வாரிசு விடயத்தில் இதுதான் பொருந்தும். இதை அறியாமல், "கொழும்புக் காணிக்குத் தேசவழமை இல்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். மலையகத்தையோ கிழக்கையோ பூர்வீகமாகக் கொண்டவர்களும், தேசவழமைக்கு உட்படாத மற்றத் தமிழர்களும் பொதுச் சட்டத்தின் கீழ் வருவார்கள். அது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி இஸ்லாமிய வாரிசு விதிகள்.

நம் கொட்டாஞ்சேனைக் குடும்பம் பொதுச் சட்டத்தின் கீழ் வருவது என்று எடுப்போம். அந்தச் சட்டத்தில் அடிப்படை எளிது. இறந்தவரின் சொத்தில் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ. மிச்சப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பெற்றோருக்கு முன்பே ஒரு பிள்ளை இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் அந்த இடத்துக்கு வருவார்கள்.

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 1/2. நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/8. அடுத்ததாகத் தம்பி இறந்தார். அவரிடம் இருந்த 1/8 இல் பாதி, அதாவது 1/16, அவர் மனைவிக்கு. மற்றப் பாதி இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/32. கடைசியாக அம்மா இறந்தபோது அவருடைய 1/2 நாலு கிளையாகப் பிரியும். உயிரோடிருக்கும் மூவருக்கும் ஆளுக்கு 1/8, தம்பியின் கிளைக்குரிய 1/8 அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/16.

கூட்டிப் பாருங்கள். மூத்தவர் 1/4, அக்கா 1/4, ரொறன்ரோ அண்ணன் 1/4, தம்பியின் மனைவி 1/16, தம்பியின் பிள்ளைகள் ஆளுக்கு 3/32. மொத்தம் ஒன்று. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆறு பேர். அவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கிறார்கள்.

மாமியாரின் சொத்தில் மருமகளுக்குப் பங்கில்லை என்று தம்பியின் மனைவியைத் தள்ளிவிடுவார்கள். அம்மாவின் பாதியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அப்பா இறந்த அன்றே தம்பிக்கு 1/8 வந்துவிட்டது. அவர் இறந்த அன்று அதில் பாதி அவருடைய மனைவிக்குப் போய்விட்டது. யார் எப்போது இறந்தார் என்ற ஒழுங்கு மாறினால் கணக்கே மாறும். அதனால்தான் சட்டத்தரணிகள் முதலில் கேட்பது மரணச் சான்றிதழ்களை.

தேசவழமைக் குடும்பமாக இருந்தால் சொத்து எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கியது தேடிய தேட்டம். அதில் இறந்தவருக்குரியதில் பாதி துணைக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். தாய் தகப்பன் வழியாக வந்தது முதுசம். அதைப் பொதுவாகப் பிள்ளைகளே எடுப்பார்கள். இன்னொன்று, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் காணியை எழுதிக்கொடுக்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த விதி. அது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றே நான் சொல்வேன். ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாத உறுதி பிறகு செல்லாமல் போகலாம் என்பதால் இங்கே சொல்லியாக வேண்டும்.

சீதனக் கேள்விக்கு வருவோம். சீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கே இல்லை என்பது பொதுச் சட்டத்தில் தவறு. 1876ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது வேறு: பெற்றோரிடமிருந்து கலியாணத்துக்கோ வாழ்க்கையில் முன்னேறுவதற்கோ மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஒரு பிள்ளை பெற்றிருந்தால் அதைக் கணக்கில் சேர்த்துத்தான் பங்கு பார்க்க வேண்டும், பெற்றோர் அதிலிருந்து விலக்கு அளித்திருந்தாலன்றி. இந்த விதி மகன்களுக்கும் பொருந்தும். அக்காவின் நகையைக் கணக்கில் எடுப்பதானால், மற்றவருக்குக் கடை போட அப்பா கொடுத்த முதலையும் எடுக்கத்தான் வேண்டும்.

அம்மா கடைசி நாட்களில் "இந்த வீடு உனக்குத்தான்" என்று வாயால் சொன்னதற்குச் சட்டத்தில் பெறுமதி கிடையாது. காணியைக் கைமாற்ற நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மரணசாசனத்துக்கும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். முத்திரைத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்த கடிதமும் காணியைக் கைமாற்றாது. மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதும் உரித்துக்குச் சான்று ஆகாது. வரி கட்டியது யார் என்பதற்கு மட்டும்தான் அது சான்று.

கூட்டு உரிமை என்பது என்ன?

இப்போது கருத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். "எனக்கு 1/4" என்றால் வீட்டின் எந்தக் கால்வாசி? முன் விறாந்தையா, கிணற்றடியா?

எதுவும் இல்லை. பிரிபடாத பங்கு என்பதற்கு அர்த்தம், அந்தக் காணியின் ஒவ்வொரு மணலிலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் விகிதப்படி பங்கு இருக்கிறது என்பதுதான். நம் நாட்டில் காணிச் சட்டத்துக்கு அடியில் கிடக்கும் உரோம ஒல்லாந்தச் சட்டம் இதை இப்படித்தான் பார்க்கிறது. இந்த ஒரு கருத்து பிடிபட்டால் மற்றவை தானாக விளங்கும்.

மூத்தவர் வீட்டில் இருக்கலாம், அது அவருடைய உரிமை. ஆனால் மற்றவர்களை உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல முடியாது. மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்தால் அந்த வாடகையில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு, அவர் கணக்குக் காட்ட வேண்டும். ஒருவர் தன் செலவில் பின்பக்கம் ஒரு அறை கட்டினால் அந்த அறை நிற்கும் நிலம் அவருடையதாகிவிடாது. கட்டியதற்கான பெறுமதியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பிரிக்கும்போது கூடியவரை அந்தப் பகுதியை அவர் பக்கம் விழுமாறு பார்ப்பார்கள்.

அதே நேரம், ஒருவர் தன் பிரிபடாத பங்கை மற்றவர்களைக் கேட்காமலே விற்கலாம். இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். வெளியாள் ஒருவர் அக்காவின் 1/4 ஐ வாங்கிக்கொண்டு நாளைக்கு உங்கள் வாசலில் கூட்டு உரிமையாளராக வந்து நிற்கலாம். வடக்கில் உள்ள, தேசவழமைக்கு உட்பட்ட காணிகளில் கூட்டு உரிமையாளருக்கும் வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதைப் பற்றியது. கொட்டாஞ்சேனைக் காணிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குடும்பத்துக்குள் பேச்சு முறிந்தால் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வெளியார் உள்ளே வருகிறார்கள்.

இன்னொரு நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். "பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகிவிடும்." இதை நம்பி அண்ணன்மார் வாய்திறக்காமல் இருப்பதையும், இதற்குப் பயந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் தூக்கம் இல்லாமல் தவிப்பதையும் கண்டிருக்கிறேன். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் 10 வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது, உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரித்தை ஏற்காமல் ஆண்டுவந்த ஒருவருக்கு. கூட்டு உரிமையாளர் ஒருவர் காணியில் இருப்பதைச் சட்டம், எல்லோருக்காகவும் அவர் இருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. கொரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி என்ற வழக்கில் 1911இல், அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் இதை அழுத்தமாகச் சொன்னது. இறந்துபோன சகோதரனின் காணியை நீண்டகாலம் ஆண்டுவந்தவர், உடன்பிறந்தவர்களின் பங்குக்கு எதிராக அந்தக் காலத்தைக் காட்ட முடியவில்லை. மற்றவர்களின் உரிமையை மறுத்து அவர்களை வெளியேற்றியதற்கு ஒப்பான ஒரு வெளிப்படையான செயல் நடந்திருக்க வேண்டும். மனதுக்குள் "இது என்னுடையது" என்று நினைத்துக்கொண்டிருந்தால் போதாது.

அதற்காக வெளிநாட்டில் இருப்பவர்கள் கவலையே இல்லாமல் இருக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில், மிக நீண்ட காலம் ஒருவர் தனியாக ஆண்டு, மற்றவர்கள் ஒரு சதமும் கேட்காமல் இருந்தால், எப்போதோ அந்த வெளியேற்றம் நடந்துவிட்டது என்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு என்றும் சொல்லப்பட்டது. ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது உங்கள் பங்கை எழுத்தில் நினைவூட்டுங்கள். ஒரு மின்னஞ்சல், வரிக்கு உங்கள் பங்காக அனுப்பிய பணத்தின் வங்கிச் சீட்டு, வாடகைக் கணக்குக் கேட்ட ஒரு கடிதம், இவை எல்லாம் பின்னாளில் உதவும். உறவு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். அண்ணனிடம் வரிப்பணத்தில் என் பங்கு இது என்று அனுப்புவது உறவைக் கெடுக்கிற வேலை இல்லை.

பேசித் தீர்ப்பது

பங்குக் கணக்கு தெளிவானதும் அடுத்தது பிரித்தெடுப்பது. அதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: அப்பாவின் மூல உறுதி, காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, நில அளவையாளரின் பிளான், பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், ஒரு வம்சாவளி வரைபடம். பதிவேட்டுப் பிரதியை எப்படியும் எடுங்கள். அப்பா எப்போதோ காணியை ஈடு வைத்ததும், பின்பக்கத்தில் ஒரு துண்டை விற்றதும் அதில்தான் தெரியவரும்.

பெறுமதி கூடிய சொத்தென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு நடத்தி, சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிப்பதும் அவசியமாகும். மரணசாசனமே இல்லாவிட்டாலும் வழக்குக்கு அந்தப் பெயர்தான். கொழும்புக் காணிகளுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படும்.

எல்லோரும் ஒத்துக்கொண்டால் வழிகள் பல. காணியைத் துண்டாகப் பிரித்து ஒரு பாகப்பிரிவினை உறுதி முடிக்கலாம். ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கலாம். எல்லோரும் சேர்ந்து வெளியாளுக்கு விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம். ஊரில் இன்னொரு வளவு இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, கொழும்பு வீடு ஒருவருக்கு, ஊர்க் காணி ஒருவருக்கு என்று மாற்றிக்கொள்ளலாம். மேசையில் ஒரு சொத்து மட்டும் இருக்கும்போது நடக்காத சமரசம், இரண்டு சொத்து இருந்தால் சில நேரம் நடந்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில்தான் மூத்தவரின் வாதத்துக்கு இடம் வருகிறது. அம்மாவை எட்டு வருடம் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்குச் சட்டம் அதற்காக ஒரு பேர்ச்சஸ்கூடக் கூட்டிக் கொடுப்பதில்லை. ஆனால் உடன்பிறந்தவர்கள் கொடுக்கலாம். கூரை மாற்றிய செலவைக் கழிக்கலாம், பங்கைக் குறைந்த விலைக்கு விடலாம், பணத்தைத் தவணையாக வாங்கலாம். பங்கு 1/4 தான் என்பதை மூத்தவர் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தால் மற்றவர்கள் இதற்கு இறங்கிவருவதைப் பார்க்கிறோம். முழு வீடும் என்னுடையது என்று தொடங்கினால் அவருடைய எட்டு வருட உழைப்பையும் யாரும் பேசமாட்டார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் கையெழுத்துக்காக வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம், கொடுக்கலாம். அதைக் கட்டாயம் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கொடுங்கள். "எல்லாம் செய்யலாம்" என்று எழுதிக் கொடுத்த பத்திரங்கள்தான் பல குடும்பங்களில் இரண்டாவது சண்டையைத் தொடக்கியிருக்கின்றன. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவருக்கு வாரிசாகப் பங்கு வருவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவர் மற்றவர்களின் பங்கை விலைக்கு வாங்குவது வேறு விடயம், அதற்கு முன் அந்தச் சட்டத்தைச் சட்டத்தரணியோடு பார்க்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தம்பியின் பிள்ளைகள் போன்ற வயது வராதவர்களின் பங்கை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தாய் கையெழுத்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பேசி முடியாதபோது

ஆறு பேரில் ஒருவர் மறுத்தாலும் பாகப்பிரிவினை உறுதி முடிக்க முடியாது. அப்போது மிஞ்சுவது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாகப்பிரிவினை வழக்கு. நம் ஆட்கள் பார்ட்டிஷன் கேஸ் என்பார்கள். கொழும்பு மாவட்ட நீதிமன்றக் காணி என்றால் புதுக்கடைக்குப் போக வேண்டும். எவ்வளவு சின்னப் பங்கு வைத்திருப்பவரும் இந்த வழக்கைப் போடலாம். யாரையும் காலம் முழுக்கக் கூட்டு உரிமையில் கட்டிவைக்க முடியாது என்பதே இதன் அடிப்படை.

மற்ற வழக்குகளிலிருந்து இது வேறுபட்டது. உரிமை உள்ள எல்லோரையும் வழக்காளி சேர்க்க வேண்டும். காணிப் பதிவகத்தில் வழக்கைப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்த பிறகு, வழக்கு முடியும்வரை பிரிபடாத பங்கை விற்பதோ நன்கொடையாக எழுதுவதோ செல்லாது. பிறகு நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பி எல்லையையும் கட்டடங்களையும் மரங்களையும் பதிவுசெய்யும். அளக்க வரும் நாளில் அங்கே நின்று உங்கள் உரிமையையும் நீங்கள் கட்டியதையும் சொல்லுங்கள், அது அறிக்கையில் ஏறும். அடுத்தது விசாரணை. எல்லோரும் சமரசமாக வந்தாலும் ஒவ்வொருவரின் உரித்தையும் நீதிபதி தானே ஆராய வேண்டும், ஏனென்றால் இறுதித் தீர்ப்பாணை வழக்கில் இருந்தவர்களை மட்டும் இல்லாமல் உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும். அறிவித்தல் கிடைத்தும் போகாமல் இருந்து பங்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

விசாரணை முடிவில் யாருக்கு எவ்வளவு என்று இடைக்காலத் தீர்ப்பாணை வரும். இதன் பிறகே, நிலத்தில் எந்தத் துண்டு யாருக்கு என்று நில அளவையாளர் திட்டம் போடுவார். பெறுமதி சமமாக வராவிட்டால் கூடுதலாகப் பெற்றவர் மற்றவருக்குப் பணமாக ஈடுசெய்வார். பிரிக்க முடியாத காணி என்றால் விற்பனை. அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: முதலில் கூட்டு உரிமையாளர்களுக்குள்ளே விற்பனைக்கு விடுவார்கள், அவர்களில் யாரும் வாங்காவிட்டால்தான் பகிரங்க ஏலம்.

இந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். ஒரு தலைமுறை போட்டதை அடுத்த தலைமுறை முடித்து வைப்பதும் உண்டு. சட்டமே அதை எதிர்பார்த்து, தான் இறந்தால் தன் இடத்தில் யார் வர வேண்டும் என்று ஒவ்வொரு தரப்பும் முன்கூட்டியே ஒரு பத்திரம் கொடுக்கச் சொல்கிறது. ஆனாலும் வழக்கு நடக்கும்போது சமரசத்துக்குக் கதவு மூடுவதில்லை. பங்கு விகிதம் உறுதியான பிறகு பேச உட்கார்ந்து, திட்டத்தை ஒத்துக்கொண்டு முடித்த குடும்பங்கள் உண்டு.

இதற்கிடையில் பூட்டை உடைப்பது, பொருட்களை வெளியே எறிவது, அடிதடி என்று போனால் அது வேறு பாதை. பொலிஸ் மூலம் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதவானிடம் போகும். அங்கே தீர்மானிப்பது இப்போதைக்கு யார் இருப்பது என்பதை மட்டும்தான், உரித்தை அல்ல. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், அது நடந்த 2 மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால் திரும்ப உள்ளே வர வாய்ப்பு உண்டு. இரண்டு மாதம் என்பது மிகக் குறுகிய காலம், காத்திருக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்புவோம். 12 பேர்ச்சஸை விகிதப்படி பிரித்தால் மூவருக்கு ஆளுக்கு 3 பேர்ச்சஸ், தம்பியின் மனைவிக்கு முக்கால் பேர்ச்சஸ், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றேகால் பேர்ச்சஸ்கூட இல்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிப்படி புதிதாகப் பிரிக்கும் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அது கிட்டத்தட்ட 6 பேர்ச்சஸ். அகலமும் குறைந்தது 6 மீற்றர் வேண்டும். ஆறு துண்டு என்பது நடக்காத காரியம்.

ஆனால் இரண்டு துண்டு நடக்கும். மதிப்பீட்டாளர் முழுச் சொத்துக்கும் 6 கோடி ரூபாய் போட்டார் என்று வைப்போம். 1/4 பங்கு ஒன்றரைக் கோடி. மூத்தவர் ஆறு பேரில் மற்ற ஐவரின் பங்கையும் வாங்குவதானால் நாலரைக் கோடி தேட வேண்டும், அவரால் முடியாது. அவர் ரொறன்ரோவில் இருப்பவரின் பங்கை மட்டும் தவணையாக வாங்கினால் அவருடையது பாதியாகிவிடும், அதாவது 6 பேர்ச்சஸ். வீட்டின் பெரும்பகுதி நிற்கும் துண்டை அவர் எடுத்துக்கொண்டு, அதன் பெறுமதி கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுக்கலாம். மற்ற 6 பேர்ச்சஸ் அக்காவுக்கும் தம்பி குடும்பத்துக்கும் பாதிக்குப் பாதி. அவர்கள் அதை விற்கலாம், அல்லது ஒருவர் மற்றவரிடம் வாங்கலாம். பிள்ளைகளின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி எடுத்து, விற்ற பணத்தில் அவர்களுக்குரியதை அவர்கள் பெயரில் வைப்பிலிட வேண்டும். பின் துண்டுக்குப் பாதை எந்தப் பக்கத்தால் போகிறது, எத்தனை அடி அகலம் என்பதைப் பிளானில் கீறி, அதையும் உறுதியில் எழுதாமல் யாரும் கையெழுத்து வைக்கக்கூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மூத்தவர் முதலில் செய்ய வேண்டியது அவரிடம் மேல்மாடி வாடகைக் கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுவது.